இழுத்து விடாத தங்கூசி

சந்தியாப்பிள்ளை அண்ணை சொன்னதை நான் பல வருஷமாக நம்பவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பாத கதையை எதற்குச் சொல்ல வருகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் தங்கூசியை, இந்தத் தூண்டில் நைலோன் நூலைப் பார்த்ததால்தான் சொல்ல வருகிறது. பாருங்கள், ஐஸில் போட்ட துளைக்குள் அது நேராக இறங்கவில்லை. இடியப்பம் பிழிந்த மாதிரி வளையம் வளையமாகத் தண்ணீருக்கு மேலேயே நிற்கிறது. கீழே ஜிக் எங்கே தொங்குகிறது என்று உங்களுக்கும் தெரியாது, மீனுக்கும் தெரியாது.

எடுங்கள். மெல்லச் சுற்றி மேலே எடுங்கள். அவசரமில்லை. வண்டிக்காரன் பின்னேரம்தான் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு கரைக்குப் போவான். அதுவரைக்கும் இந்தப் பலகைக் குடிலுக்குள் நீங்களும் நானும் இந்த ஹீட்டரும்தான். உங்கள் கூட்டாளிகள் கடைசி நேரத்தில் வராமல் விட்டது உங்களுக்குக் கவலையாக இருக்கும். எனக்கு அது பழக்கம். சிம்கோ ஏரிக்கு வருகிறேன் என்று சொல்லுகிற எங்கள் ஆட்களில் பாதிப் பேர் வருவதில்லை. குளிர் என்பார்கள்.

உங்கள் ஜிக் நல்ல ஜிக். பிழை அதில் இல்லை. அது ஒரு அரிசி அளவு ஈயமும் ஒரு கொளுக்கியும்தானே, அதற்குப் பாரமே இல்லை. தங்கூசியோ கடையில் சுற்றின நாளிலிருந்து சின்ன ரீலில் சுருண்டு கிடந்தது. குளிரில் இன்னும் விறைத்துவிடும். பாரமான ஈயம் என்றால் அந்தச் சுருளைத் தன்பாட்டில் இழுத்து நேராக்கிக்கொண்டு போய்விடும். இந்த அரிசி என்ன செய்யும்? அந்தரத்தில் நின்று சுற்றும். பேர்ச் மீன் வந்து பார்க்கும், சுற்றுகிற சாமானைக் கண்டால் விலகிவிடும். விலகாமல் வாயில் வைத்தாலும் உங்கள் விரலுக்கு ஒன்றும் தெரியாது. அது இழுக்கிற இழுப்பெல்லாம் சுருளை நிமிர்த்தவே போய்விடும். நிமிர்ந்து முடிய முன்னர் மீன் துப்பிவிட்டுப் போய்விடும்.

வாருங்கள், கதவைத் திறந்து வெளியே போவோம். ஜிக்கை என்னிடம் தாருங்கள், நான் பிடிக்கிறேன். நீங்கள் தடியோடு பின்னுக்கு நடவுங்கள், தங்கூசியை விட்டுக்கொண்டே. இன்னும் கொஞ்சம். இந்த ஏரியில் எவ்வளவு ஆழத்துக்கு விடப்போகிறீர்களோ அதைவிடக் கொஞ்சம் கூட இருந்தால் போதும். இப்போது நில்லுங்கள். மெல்ல இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். ஆட்டுக்குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரிப் பிடியுங்கள். அப்படியே நில்லுங்கள். சரி, இப்போது விடுங்கள்.

பார்த்தீர்களா? தலைமயிர் மாதிரிக் கிடக்கிறது. சுற்றும்போது விரலால் கொஞ்சம் அழுத்தம் கொடுத்துச் சுற்றுங்கள், தளரவிட்டால் பழையபடி வரும். உள்ளே வாருங்கள். முகம் சிவந்துபோய்விட்டது உங்களுக்கு.

ஒருவர் ஜிக்கைப் பிடிக்க மற்றவர் நடக்க வேண்டும். தனியாள் என்றால் கதவுக் கொண்டியில் மாட்டிவிட்டு நடக்கலாம், அதுவும் சரிதான். ஆனால் என் கூடப்பிறந்த அண்ணன் விக்கினராசா, பக்கத்தில் ஆள் இருந்தால் கொண்டியில் மாட்டமாட்டாராம். "கொண்டிக்குக் கை இருக்கோ? எவ்வளவு இழுக்கிறன் எண்டு அதுக்குத் தெரியுமோ?" என்று கேட்பாராம். அவரோடு மீன்பிடிக்கப் போனவர்கள் அவருடைய செத்தவீட்டில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். விக்கினராசாவோடு போனால் மீன் பிடிக்க முதல் கயிறிழுத்தல் போட்டி என்று ஒருவர் சொன்னார். இழுத்து விடாத தங்கூசியை அவர் ஒருநாளும் துளைக்குள் இறக்கினதில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

என்ன, என் கையைப் பார்க்கிறீர்கள். ஆம், இடக்கைதான். எல்லாரும் பார்ப்பார்கள். சாப்பிடுவதை மட்டும் அப்பா அடித்து வலக்கைக்கு மாற்றினார், மற்றதெல்லாம் இடக்கை. உங்கள் ரீலில் கைப்பிடி இடப்பக்கம் இருக்கிறது, நீங்கள் தடியை வலக்கையில் பிடித்து இடக்கையால் சுற்றுகிறீர்கள். என்னுடையதில் வலப்பக்கம். கடையிலிருந்து வரும்போது எல்லாம் இடப்பக்கம்தான் வரும். திருகைக் கழற்றி மறுபக்கம் பூட்டலாம், சின்ன வேலை. இதை நான் கழற்றவில்லை. என் கைக்கு வந்தபோதே இப்படித்தான் இருந்தது. கைக்குப் பொருந்துகிற பொருளை ஏன் பொருந்துகிறது என்று யாரும் கேட்பதில்லை.

அண்ணன் இந்த ஏரியில்தான் இறந்தார். பயப்படாதீர்கள், ஐஸ் உடையவில்லை. இதே மாதிரி ஒரு குடிலுக்குள், கதிரையில் இருந்தபடி. மாரடைப்பு. பக்கத்தில் இருந்தது சந்தியாப்பிள்ளை அண்ணை ஒருவர்தான். அவர் குருநகர் ஆள், அண்ணனோடு ஒரே இடத்தில் டாக்சி ஓட்டினவர். செத்தவீட்டில் அவர் அண்ணிக்குச் சொன்னதை நான் பின்னால் நின்று கேட்டேன்.

"காலமை ஐஸில மூண்டு துளை போட்டம். விக்கினம் தங்கூசியை வடிவாய் இழுத்து விட்டவர். போட்ட உடனை ஒரு பேர்ச், உள்ளங்கையளவு. கையில வைச்சுச் சிரிச்சவர். பிறகு, 'சந்தியா, கை விறைக்குது' எண்டார். கதிரையில சாஞ்சார். அவ்வளவுதான் பிள்ளை. ஒரு நோவும் படேல்ல."

அண்ணி அதைப் பிடித்துக்கொண்டா. வருகிறவர்கள் எல்லாருக்கும் அதையே சொன்னா. சிரித்துக்கொண்டு போனவர், கையில் மீனோடு போனவர். எனக்கும் அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அப்போது ஒன்றும் இருக்கவில்லை. அழுகையும் வரவில்லை. நான் அண்ணன் வீட்டு நிலக்கீழ் அறைக்குப் போய் நின்றேன், மேலே ஆட்கள் கூட என்றதால்.

அங்கேதான் இந்தத் தூண்டில் சுவரில் சாய்ந்து நின்றது. ஏரியிலிருந்து வந்த சாமான்களோடு, பையும் ஹீட்டரும் வாளியும், எல்லாம் ஒரு மூலையில். கைபிடிக்கிற இடத்தில் கழற்றாத மெல்லிய பிளாஸ்டிக் உறை இருந்தது. நனையாமல் இருக்க விட்டிருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அந்த நேரம் மீன்பிடி பற்றி ஒன்றும் தெரியாது. ஏதாவது செய்ய வேண்டும் என்று தங்கூசியின் நுனியைப் பிடித்து இழுத்தேன். துள்ளி வந்து என் விரலில் மோதிரம் மாதிரிச் சுற்றிக்கொண்டது. இழுக்க இழுக்கச் சுருள் சுருளாக வந்து நிலத்தில் விழுந்தது. மேலே படியில் நின்று யாரோ கயிறிழுத்தல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் வந்தது. இழுத்து விடாத தங்கூசி. அப்படியென்றால் அண்ணன் அன்று தூண்டிலே போடவில்லை. தூண்டில் போடவில்லை என்றால் மீன் எங்கே, சிரிப்பு எங்கே? இந்த மனிதர் ஏன் பொய் சொல்லுகிறார்? காலையிலிருந்தே அண்ணனுக்குச் சுகமில்லாமல் இருந்து, கதிரையிலேயே இருந்து, இவர் ஒருவரையும் கூப்பிடாமல் விட்டுவிட்டாரோ? அப்படித்தான் என் மனம் போனது. இப்போது யோசிக்கிறேன், யார் மேலாவது ஒரு பிழை இருக்க வேண்டும் என்று எனக்குத் தேவைப்பட்டதோ? தெரியாது. அண்ணனோடு எனக்கு அந்த நேரம் பேச்சில்லை. அவருடைய கடைசி நாட்களைப் பற்றி என்னிடம் எதுவுமே கிடையாது. சந்தியாப்பிள்ளை அண்ணை சொன்ன அந்த நாலு வரிதான் எனக்குக் கிடைத்தது. அதுவும் பொய்யென்றால் ஒன்றும் மிச்சமில்லை.

ஜிக்கை இறக்குங்கள் இப்போது. பார்த்தீர்களா, எவ்வளவு நேராகப் போகிறது. அடியைத் தொட்டதும் கொஞ்சம் தூக்கி வையுங்கள். ஆட்ட வேண்டாம். நடுங்கினால் போதும், அது குளிரில் தானாக நடுங்கும்.

ஏன் பேச்சில்லை என்றா? அது ஒரு சின்ன விஷயம். நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். அண்ணனின் மகளின் கலியாணம், மார்க்கம் நகரில் ஒரு மண்டபம். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது வாசலில் நின்று சந்தனம் கொடுக்கச் சொல்லி என்னை விட்டிருந்தார்கள், சித்தப்பா என்ற முறையில். நான் கிண்ணத்தை நீட்டினேன். எந்தக் கையால் நீட்டுகிறேன் என்று யார் யோசிப்பார்கள்? அண்ணன் எங்கேயோ நின்றவர் வந்து, என் மணிக்கட்டைப் பிடித்துக் கிண்ணத்தை மற்றக் கைக்கு மாற்றினார். "இண்டைக்கெண்டாலும் சோத்துக்கையால குடடா" என்றார். மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. சிரித்தார்கள். மாப்பிள்ளையின் மாமா சிரித்தார், நாவல் நிறச் சேலை கட்டின ஒரு மனுசி சிரித்தா, வீடியோக்காரன் சிரித்தான். என்னுடைய மனைவிகூடச் சிரிப்பை அடக்கினதை நான் கண்டேன். எனக்கு அப்போது நாற்பது தாண்டிவிட்டது. நான் வலக்கையாலேயே எல்லாருக்கும் சந்தனம் கொடுத்து முடித்துவிட்டு, சாப்பிடாமல் வீட்டுக்குப் போனேன். அவ்வளவுதான். பெரிதாக ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு அவர் டெலிபோன் எடுத்துக் கதைக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அண்ணி இரண்டு தரம் எடுத்தா. குளிர் வந்து போனது, திரும்ப வந்தது.

அண்ணன் இறந்த அந்தக் கிழமை, அவர் இறக்க முதல், சந்தியாப்பிள்ளை அண்ணையைத் தமிழ்க் கடையில் கண்டேன். மரக்கறி பொறுக்கிக்கொண்டு நின்றார். "ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போறம், நீரும் வாருமன் தம்பி" என்றார். யார் யார் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "பாப்பம் அண்ணை" என்றேன். பாப்பம் என்றால் எங்கள் ஆட்களுக்குள் வரமாட்டேன் என்றுதான். அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குருநகரிலும் தெரிந்திருக்கும். அவர் எல்லாரையும் எல்லாவற்றுக்கும் கூப்பிடுகிற மனிதர், தேவாலயத்துக்குக்கூட என்னைக் கூப்பிட்டிருக்கிறார். ஆகவே அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

காரியங்கள் முடிந்த பிறகு அண்ணி இந்தத் தூண்டிலைக் கொண்டுவந்து தந்தா. "இது இங்க கிடந்து என்ன செய்ய, நீர் கொண்டுபோம்" என்றா. வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மீன் ஆசை இல்லை. நான் இதைப் பழகினது பொய்யைப் பிடிக்க. சிரிக்கிறீர்கள். உண்மையாகத்தான். ஒவ்வொரு குளிருக்கும் வந்து, காலையில் இழுத்து விட்டு, நாள் முழுவதும் போட்டு, பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்து இழுத்துப் பார்ப்பேன். எவ்வளவு சுருள் திரும்பி வந்திருக்கிறது என்று. மெல்லிய தங்கூசி, மொத்தத் தங்கூசி, பெரிய ரீல், சின்ன ரீல். சுடுநீரில் நனைத்து இழுத்தது, நனைக்காமல் இழுத்தது. ஜிக்குக்கு மேலே ஒரு குட்டிச் சுழல்கண்ணி பூட்டினால் சுற்றுவது நிற்கும், ஆனால் சுருள் போகாது. அது இரண்டும் வேறு வேறு வியாதி. இதெல்லாம் அப்படித்தான் கண்டுபிடித்தேன். என் மனைவி சொல்லுவா, "உங்களுக்கு மீன் வேணுமோ நூல் வேணுமோ? நூல் எண்டால் தையல் கடையிலயே வாங்கலாமே" என்று.

காலையில் இழுத்து விட்டது பின்னேரத்தில் கொஞ்சம் நெளியும். சோம்பலாகத் தொங்கும். ஒருநாளும் மோதிரம் மாதிரி விரலில் துள்ளிச் சுற்றாது. ஆகவே நான் சரி. அப்படி நினைத்துக்கொண்டு ஒரு குளிர் இருப்பேன். அடுத்த குளிரில் வேறு யோசனை வரும். அன்று நான் கண்டது உண்மையில் அப்படித்தானா? விரலில் சுற்றியதா, அல்லது பிறகு நானாக விரலில் சுற்றிவிட்டேனா? சாமான்கள் இரண்டு நாளாக அந்த அறையில் கிடந்தன, அதற்குள் சுருள் திரும்பி வந்திருக்கலாமா? ஒரு தூண்டிலை வைத்து ஒரு மனிதரைப் பொய்யர் என்று சொல்லுகிறேனே, நான் யார்?

அவரை நேரே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாடையாகக் கேட்பேன். அன்று காலை வெயிலா, அண்ணன் என்ன சட்டை, இப்படி. அவர் ஒவ்வொரு தரமும் ஒரு சொல் மாறாமல் அதையே சொல்லுவார். மூன்று துளை, இழுத்து விட்டவர், உள்ளங்கையளவு பேர்ச், கை விறைக்குது. செபம் சொல்லுகிற மாதிரி. சொல் மாறாததுதான் எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. உண்மை சொல்லுகிறவன் கொஞ்சம் தடுமாறுவான் என்பது என் எண்ணம். இரண்டு பேருக்கு எதற்கு மூன்று துளை என்று ஒருதரம் யோசித்தேன். மீன் இல்லாவிட்டால் மாறி இருக்க ஒன்றைக் கூடப் போடுவார்கள், நானும் போடுவேன். அதை விட்டுவிட்டேன்.

பொறுங்கள். உங்கள் தடி நுனி. இல்லை, காற்று.

போன மாதம் அவரிடம் போனேன். இப்போது முதியவர்களுக்கான ஒரு தொடர்மாடியில் தனியாக இருக்கிறார். மனைவி இல்லை. கை நடுங்குகிறது. ஏரிக்கு வந்து பல வருஷம். இந்த முறை கேட்டே தீருவது என்று இந்தத் தூண்டிலையும் ஒரு துணி உறைக்குள் போட்டுக் கொண்டுபோனேன். அத்தாட்சி என்று வைத்துக்கொள்ளுங்களேன். வழி முழுக்கக் கேள்வியை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அண்ணை, அன்றைக்கு அண்ணன் உண்மையில் தூண்டில் போட்டவரோ? அவ்வளவுதான் கேள்வி.

தேத்தண்ணி போட்டார். பாதி சிந்திவிட்டது, நான் துடைத்தேன். "என்ன தம்பி, மெலிஞ்சிட்டீர். மனுசி சமைக்கிறேல்லையோ, இல்லை நீர் பிடிக்கிற மீனை நம்பி இருக்கிறாவோ?" என்றார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

கதிரைக்குப் பின்னால், மாதா படத்துக்குக் கீழே, ஒரு பழைய தூண்டில் ஆணியில் தொங்கியது. தடியில் கைபிடிக்கிற இடத்தில் கறுப்பு டேப் சுற்றி, அதுவும் தேய்ந்து பளபளவென்று. யாருடையது என்று கேட்டேன்.

"விக்கினத்தின்ரை. ஏரிக்கரையிலயே எடுத்து வைச்சிட்டன், பிறகு உம்மடை அண்ணியிட்டையும் சொன்னனான். அண்டைக்கு அவர் மீன் பிடிச்ச தடி. நான் சாகேக்க நீர் எடுத்துக்கொள்ளும்."

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். தங்கூசி வருஷக்கணக்கில் கிடந்து சுருண்டுதான் இருந்தது. அதை வைத்து இனி ஒன்றும் சொல்ல முடியாது. ரீலின் கைப்பிடி இடப்பக்கம் இருந்தது, உங்களுடையது மாதிரி. நான் திரும்பி வந்து இருந்தேன். என் மடியில் மற்றத் தூண்டில் உறையோடு கிடந்தது. இத்தனை குளிரும் நான் இழுத்து இழுத்துப் பார்த்தது அண்ணன் அன்று போட்ட தடியே இல்லை.

"அதென்ன, காட்டும்" என்றார்.

உறையைக் கழற்றிக் கொடுத்தேன். நடுங்குகிற வலக்கையால் தடியை வாங்கினார். பழக்கம்தானே, இடக்கை தன்பாட்டில் போய் ரீலின் பக்கத்தில் கைப்பிடியைத் தேடியது. அங்கே ஒன்றுமில்லை. விரல்கள் காற்றைப் பிடித்தன. இன்னொரு தரம் தேடின. பிறகு நின்றுவிட்டன. அவர் குனிந்து பார்த்தார். தடியைத் திருப்பி மறுபக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். வெளியே வாகனத் தரிப்பிடத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"காலமை ஐஸில மூண்டு துளை போட்டம்," என்று தொடங்கினார். அதற்கு மேல் சொல்லவில்லை. அத்தனை வருஷத்தில் அந்தக் கதையை அவர் பாதியில் நிறுத்தினது அன்றைக்குத்தான்.

நான் கேட்க என்று கொண்டுபோன கேள்வி வாய்க்குள்தான் இருந்தது. ஆனால் அதைக் கேட்கவில்லை. அவருடைய மடியிலிருந்து தூண்டிலை என் இடக்கையால் எடுத்தேன். எடுத்ததும் என் வலக்கை தேடாமலே கைப்பிடியில் போய் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"அண்ணை, இந்தக் கைப்பிடியைக் கழட்டி மற்றப் பக்கம் பூட்டினது ஆர்?"